அந்த 0.48 வோல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

செய்முறைத் தேர்வு மார்க் என்றாலே ‘சும்மா போடுகிற மார்க்’ என்கிறார்கள். முதலாமாண்டு மின்சுற்று ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பவன் நான். சும்மா போட்டால்கூடப் பரவாயில்லை, பல நேரம் பொய்க்குப் போடுகிறோம்.

போன பருவத்தில் நடந்தது இது. ஒரு மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இரண்டு, தொடரிணைப்பில். சப்ளை 10 வோல்ட். ஆளுக்குப் பாதி, 5 வோல்ட் வர வேண்டும். ஒரு மாணவியின் நோட்டில் 5.00 என்று அழகாக இருந்தது. மீட்டரிலோ 4.81.

“மீட்டர் என்னம்மா காட்டுது?”

“4.81 சார். அது தப்பா காட்டுது.”

சரி, அடுத்ததையும் அளந்து பார் என்றேன். 4.71. இரண்டையும் கூட்டினால் 9.52. சப்ளையை அளந்தால் சரியாக 10. மீதி 0.48 எங்கே போச்சு? ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். அது லேசுப்பட்ட வேலை இல்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்: “மீட்டருக்குள்ளேயும் கரண்ட் போகுமா சார்?”

போகும். அந்த மீட்டருக்குள் 10 மெகாஓம் இருக்கிறது. பக்க இணைப்பில் அதை வைத்ததும் ஒரு மெகாஓம் ஏறக்குறைய 0.91 ஆகிவிடுகிறது, அதனால் அதன் பங்கு வோல்ட்டும் குறைகிறது. மீட்டரின் தடையில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள 10 கிலோஓம் ரெசிஸ்டர்களை மாற்றிப் போட்டார்கள், கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டது. 4.81-க்கும் 4.71-க்கும் ஏன் வித்தியாசம் என்று அவர்களே ரெசிஸ்டர் மேலுள்ள தங்க நிறப் பட்டையைக் காட்டினார்கள். 5 சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம் என்பது அதன் பொருள்.

ஆரம்ப காலத்தில் நானும் தப்பான வயரைப் பார்த்த மாத்திரத்தில் பிடுங்கிச் சரியான துளையில் செருகிவிட்டு நகர்ந்துவிடுவேன். சுற்று வேலை செய்யும், பிள்ளைகள் கும்பிடு போடுவார்கள், அடுத்த வாரம் அதே தப்பு. இப்போது கை நீட்டுவது இரண்டே இடத்தில்தான்: பிளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரைத் தலைகீழாக மாட்டியிருந்தால், மீட்டரின் சிவப்பு புரோப் (அளக்கும் வயர்) ஆம்பியர் துளையில் இருக்க, அப்படியே வோல்டேஜ் அளக்கப் போனால். முதலாவதில் கபாசிட்டர் வெடிக்கலாம். இரண்டாவதில் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அதற்குக் காசு கட்டச் சொல்வார்கள் என்ற பயத்தில் யாரும் சொல்லாமல் மீட்டரை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த பேட்ச் பிள்ளைகள் கரண்ட் 0 காட்டுகிறதே என்று அரை மணி நேரம் நல்ல சுற்றைச் சந்தேகப்படுவார்கள். ஃப்யூஸுக்கு அபராதம் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

அப்புறம், பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. ‘முடிவு’ என்ற தலைப்புக்குக் கொடுக்கும் மார்க்கில் பாதியைப் பழுது கண்டுபிடிப்பதற்குக் கொடுங்கள். பழுப்பு-கறுப்பு-சிவப்புப் பட்டை ரெசிஸ்டர் (1 கிலோஓம்) இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு (10 கிலோஓம்) ஒன்றைச் செருகிவைத்து, கரண்ட் ஏன் குறைகிறது என்று கேளுங்கள். சுற்றை மனப்பாடம் செய்து வந்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். மேசைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் நின்றால் ஒருவன் வயர் செருகுகிறான், நான்கு பேர் பார்த்து எழுதுகிறார்கள்.

அந்த மாணவி 5.00-ஐ அடித்து மேலே 4.81 என்று எழுதி, கீழே காரணத்தையும் நான்கு வரியில் எழுதியிருந்தாள். தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று ஒரு மார்க் குறைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக ஆசிரியர்