கழுவிக் கொண்டுவந்த கைகளுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் மறுசுழற்சி மையத்துக்குத் தோள்கொடுத்த அண்டை அயலாருக்கும், தன்னார்வலர்களுக்கும், தரம்பிரிக்கும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக் கணக்கை முடித்து மையத்தின் வாசலில் ஒட்டிவிட்டோம். செலவு போக மிஞ்சிய சிறு தொகையைப் பொதி கட்டும் எந்திரத்தின் பழுதுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இது லாப நோக்கமில்லாத அமைப்பு. மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இங்கே முதலாளிகள் இல்லை. பொருள் விற்ற பணம் வண்டி வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் பணியாளர் ஊதியத்துக்கும் போகிறது. மீந்தால் மையத்துக்கே திரும்புகிறது. ஆனால் கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் எழுத முடியாத வரவு ஒன்று உண்டு. அதை எழுதவே இந்த மடல்.

முதல் நன்றி வீடுகளில் இருப்பவர்களுக்கு. எங்கள் வேலை மையத்தின் வாசலில் தொடங்குவதாக வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். அது உங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் தொடங்குகிறது. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுகிறீர்கள், அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக மடிக்கிறீர்கள், காகிதத்தைத் தனியாகக் கட்டி மழை படாமல் எடுத்து வருகிறீர்கள். மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் ஒரு பொதி விலை போகுமா போகாதா என்பது அங்கேதான் முடிவாகிறது. பாட்டிலின் அடியில் தங்கிய இனிப்புப் பானம் காகிதக் கட்டின்மீது கசிந்தால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் ஊறிய அட்டை கூழாக்கும் தொட்டிக்குள் போனால், நாரோடு ஒட்டிக்கொண்டே எண்ணெயும் வந்து புதுக் காகிதத்தில் கறையாகத் தலைகாட்டும். ஆலையில் பொதியைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஈரமோ எண்ணெயோ கண்ணில் பட்டால் அந்த ஒரு கட்டோடு விடமாட்டார்கள். மொத்தச் சுமையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமாகக் கொண்டுவந்த நல்ல காகிதமும் அதோடு வீணாகும்.

காகிதத்தின் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். பொதுவாக 5 முதல் 7 முறை மறுசுழற்சியைத் தாங்கும் என்பார்கள். நீங்கள் உலர்ந்த பையில் கொடுக்கும் காகிதம் அந்தச் சுற்றுகளில் ஒன்றைக்கூட இழப்பதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் முகம் தெரியாத பல பேருக்கு நான் மனத்துக்குள் கைகூப்புகிறேன். இன்று எழுத்திலும் கூப்புகிறேன்.

அடுத்த நன்றி, தரம்பிரிக்கும் மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மையத்துக்கு வருகிறவர்கள் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவதால் மேசையில் நடப்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மேசையின் முனையில் நிற்கும் அம்மாவின் கையில் பளபளக்கும் தாள் ஒன்று வருகிறது. அலுமினியத் தாளா, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக்கா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, விரல்களை விரிக்கிறார். கசங்கியபடியே உருண்டு கிடந்தால் அலுமினியம். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. கண் அதைப் பார்ப்பதற்குள் கை அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. அலுமினியம் என்று தெரிந்தால் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் உருண்டையோடு சேர்த்து அழுத்துகிறார், ஏனென்றால் சிறு துண்டுகளாகப் போனால் உருக்கும் உலையில் கணிசமான பகுதி எரிந்தே போய்விடும். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதோடு ஒப்பிட்டால், பழையதை உருக்குவதில் ஏறத்தாழ 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் இந்த அம்மாவின் உள்ளங்கைக்கும் பங்கு உண்டு.

பாட்டில்கள் வரும் பக்கத்தில் வேலை இன்னும் நுட்பமானது. குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். தண்ணீர்க் குழாய்கள் செய்யும் பிளாஸ்டிக்கான பி.வி.சி.க்கு எண் 3. இரண்டும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெட் உருகுவதற்கு ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்கு வெகுமுன்பே பி.வி.சி. சிதைந்து அமிலத்தைக் கக்கத் தொடங்கிவிடும். சில பாட்டில்கள் தப்பிப் போனாலே போதும், நிறைய பெட் மஞ்சளித்து, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கண்ணாடித் தொட்டியருகே நிற்கும் தம்பியும் இதே கவனத்தோடுதான் பீங்கான் சில்லுகளையும் வெப்பம் தாங்கும் சமையல் கண்ணாடியையும் பொறுக்கி எடுக்கிறார். சாதாரண கண்ணாடி உருகும் சூட்டில் அவை உருகுவதில்லை. புதுப் பாட்டிலின் சுவரில் சிறு கல்லாக உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அந்த இடத்திலேயே பாட்டில் விரிசல் விடும். சுத்தமான கண்ணாடியோ தரம் குறையாமல் எத்தனை முறையும் உருகிப் பாட்டிலாகும். அவரது கையுறையைத் தாண்டிப் போகும் ஒரே ஒரு சில்லு அதைக் கெடுத்துவிடும் என்பதை அவர் நன்றாக அறிவார். வெயிலிலும் நாற்றத்திலும் நின்றுகொண்டு இவ்வளவு பொறுப்போடு வேலை செய்யும் உங்களைக் குப்பை பொறுக்குகிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் பொருள் அறிந்தவர்கள்.

முக்கோணத்தைச் சொன்னதால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் நினைக்க வேண்டும். அம்புக்குறி முக்கோணம் இருந்தாலே மறுசுழற்சிக்கு உரியது என்று பலரும் நம்பிவந்தார்கள். அந்த எண்கள் 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தவை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. வாங்க ஆலை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆசிரியர் 1 முதல் 7 வரை உண்மையான பொருள்களையே ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டி, எதை எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்று பெரிய எழுத்தில் எழுதினார். பலகை வந்தபின் தவறான பெட்டியில் விழும் பொருள்கள் கண்கூடாகக் குறைந்தன. ஐயா, உங்கள் கையெழுத்தைப் படித்துத்தான் இப்போது பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

2018-ஐ மறக்க முடியாது. உலகத்தின் பழைய காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த சீனா, அந்த ஆண்டின் தொடக்கத்தில் 24 வகைக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தது. மற்றவற்றுக்கும் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. கலப்புக் காகிதத்தின் விலை உலகச் சந்தையில் சரிந்தது. சில ஊர்களில் சேகரிப்பையே நிறுத்தினார்கள்; பிரித்து வைத்ததையும் புதைத்தார்கள், எரித்தார்கள். எங்கள் கொட்டகையிலும் பொதிகள் கூரை தொடும் அளவுக்கு ஏறின. அப்போது தன்னார்வலர்கள் கூடி எடுத்த முடிவு எளியது: கலப்பு என்ற சொல்லே இனி இங்கே வேண்டாம். செய்தித்தாள் தனி, பழுப்பு அட்டை தனி, வெள்ளை அலுவலகத் தாள் தனி. கடைகளில் தரும் வெப்ப அச்சு ரசீதுகள் எந்தக் கட்டிலும் கிடையாது. மாலை நேரங்களில் வந்து பழைய பொதிகளையும் அவிழ்த்து மறுபடி பிரித்தீர்கள். தூசியில் இருமிக்கொண்டே பிரித்தவர்களை எனக்குத் தெரியும். தனித்தனியாகப் பிரித்த காகிதத்துக்கு அருகிலேயே ஆலைகள் கிடைத்தன. இந்த மையத்தின் கதவு இன்றும் திறந்திருப்பதற்கு அந்த மாலைகளே காரணம்.

கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். "நாங்கள் கொடுப்பதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது?" என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். குரலில் சந்தேகம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். மறுசுழற்சி என்ற பெயரில் கழிவைக் கடல்கடந்து கொட்டிய கதைகளை எல்லாரும் படித்திருக்கிறோம். அதனால்தான், அபாயகரமான கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் 2019-இல் திருத்தம் கொண்டுவந்து, 2021 முதல் கலப்படமான பிளாஸ்டிக் கழிவை நாடுவிட்டு நாடு அனுப்ப, பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு, எந்தப் பொருள் எந்த ஆலைக்குப் போகிறது, அங்கே என்னவாகிறது என்ற விவரத்தை எடைச்சீட்டோடு சேர்த்து வாசலில் மாட்டத் தொடங்கினோம். வாங்குபவர் மாறினால் தாளும் மாறும். கேட்டவர் இப்போது மாதந்தோறும் வந்து அதைச் சரிபார்க்கிறார். இதைவிடப் பெரிய உதவியை ஒரு பொது அமைப்புக்கு யாரும் செய்துவிட முடியாது.

பேட்டரி மேசையைப் பொறுப்பேற்றிருக்கும் பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ முனைகள் உலோகத்தில் உரசினாலோ தீப்பிடிக்கும். குப்பை வண்டிகளிலும் கிடங்குகளிலும் நடக்கும் தீ விபத்துகள் பலவற்றுக்கு அதுவே காரணம். அவர் ஒவ்வொன்றின் முனையிலும் ஒட்டுநாடா சுற்றி, உப்பிப்போனதைக் கண்டால் மணல் நிரப்பிய உலோக வாளிக்குள் தனியே வைக்கிறார். கைப்பேசிகளையும் சார்ஜர்களையும் வாங்கி வைப்பதும் அவரே. 2022-இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. வீட்டு இழுப்பறைகளில் உறங்கும் பழைய கைப்பேசிகளை வெளியே வரவழைக்க அவர் பேசும் பேச்சைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பழுதுபார்க்கும் மேசைக்காரர்களே, நீங்கள் மறுசுழற்சிக்கு வரும் பொருளைக் குறைக்கிறீர்கள், அது எங்களுக்கு மகிழ்ச்சியே. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ரிப்பேர் கஃபே’ என்ற பெயரில் முதல் பழுதுபார்ப்புக் கூடம் தொடங்கியது. அதன் வழியில் உலகின் பல ஊர்களில் இன்று இப்படி மேசைகள் நடக்கின்றன. எங்கள் மேசையில் உயிர்பெற்ற மின்விசிறிகளும் தையல் எந்திரங்களும் திரும்பிப் போன வீடுகளில் புதிது வாங்கும் வசதி எல்லாருக்கும் இருந்ததில்லை. மறுபயன்பாட்டு அலமாரியை அடுக்கி வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கிருந்து ஒரு நாற்காலியையோ பாடப்புத்தகத்தையோ எடுத்துச் செல்பவரிடம் பெயர் கேட்காமல், காரணம் கேட்காமல், தூக்கிவிட மட்டும் கைகொடுக்கிறீர்கள்.

வங்கிக் காகிதங்களைக் கண்ணெதிரே கிழித்துத் தரும்படி தயங்கித் தயங்கிக் கேட்கும் முதியவர்களுக்காக எந்திரத்தருகே பொறுமையாக நிற்கும் மாணவிக்கும், நடக்க முடியாதவர்களின் கட்டுகளைத் தங்கள் கட்டோடு சேர்த்துச் சுமந்து வரும் அயலாருக்கும், பொதி எந்திரத்தின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு, பிற்பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்று அன்பாகக் கேட்டுக்கொண்ட பக்கத்துக் குடியிருப்பினருக்கும், இடத்தைக் குறைந்த வாடகைக்கு விட்டவருக்கும், கணக்கை ஊதியமின்றித் தணிக்கை செய்தவருக்கும், மழைநாளில் பொதிகளின்மீது தன் சொந்தத் தார்ப்பாயை விரித்த ஓட்டுநருக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக, நாங்கள் திருப்பி அனுப்பியவர்களுக்கு. கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கழுவி அடுக்கி எடுத்து வந்தீர்கள். ஆலையின் ஒளிக்கதிர் எந்திரம் கரி நிறமியைத் தாண்டிப் பார்க்காது, அதனால் வாங்க மாட்டார்கள் என்று சொன்னோம். தெர்மாகோல் கட்டுகளைத் தோளில் தூக்கி வந்தீர்கள். அதில் பெரும்பகுதி காற்று, வண்டி நிறைந்தாலும் எடை ஏறாது, அனுப்பும் செலவுக்குக் கட்டாது என்றோம். உழைப்பு வீணான வருத்தம் உங்கள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாசலில் போட்டுவிட்டுப் போகாமல் எடுத்துக்கொண்டு திரும்பினீர்கள். அடுத்த வாரமே கழுவிய பாட்டில்களோடு மறுபடியும் வந்தீர்கள். தெர்மாகோலை அழுத்திக் கட்டியாக்கும் எந்திரம் ஒன்றை அண்டை மையங்களோடு சேர்ந்து வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவானதும் ஆசிரியரின் பலகையில் தெர்மாகோலுக்குரிய எண் 6-க்கு நேராக எழுதுகிறோம். அதுவரை வீட்டில் இடமிருப்பவர்கள் உலர்வாக வைத்திருங்கள்.

நன்றியுடன்,
மையத்தின் ஒருங்கிணைப்பாளர்