முட்டாள்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ உட்கார்ந்து பேசிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வதந்தி பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. தடுப்பூசியில சதி, எல்லாத்துக்கும் பின்னாடி யாரோ இருக்காங்கன்னு நம்புறவங்க எல்லாம் படிப்பறிவு இல்லாத கூட்டம்னு எழுதியிருந்தாங்க. படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. நான் 33 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ, நீங்க கூட்டம்னு சொல்றவங்க வீட்டு திண்ணையில தான் என் பாதி வேலை நடந்துச்சு, அதனால பாத்தத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

2017 பிப்ரவரி 6, தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் தொடங்குன நாள். 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும், தமிழ்நாட்டுல மட்டும் 1 கோடியே 76 லட்சம் பிள்ளைங்களுக்கு போடணும்னு டார்கெட். தட்டம்மை ஊசி நாங்க 1985ல இருந்தே போட்டுட்டு இருக்கிறது தான், அதோட ரூபெல்லாவ சேர்த்துருந்தாங்க. மாசமா இருக்கிற பொண்ணுக்கு ரூபெல்லா வந்தா பிறக்கிற பிள்ளைக்கு கண்ணுல புரை, காது கேக்காம போறது, இதயத்துல கோளாறுன்னு எல்லாம் வரும். அப்படி ஒரு பிள்ளைய நான் என் கையால தூக்கியிருக்கேன், அதனால இந்த ஊசி வருதுன்னதும் சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா ஊசி ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வாய்ஸ் மெசேஜ் வந்துருச்சு. ஒரு பொம்பளை குரல், பதட்டமா, அழுகுற மாதிரி, "ஸ்கூலுக்கு பிள்ளைய அனுப்பாதீங்க, வெளிநாட்டுக்காரன் நம்ம பிள்ளைங்கள வெச்சு டெஸ்ட் பண்றான், பொம்பளை பிள்ளைங்களுக்கு பின்னாடி குழந்தையே பிறக்காது"ன்னு. அந்த ஊசி புனேல தயாராகுறதுன்னு நான் பாட்டில காட்டி சொன்னாலும் யாரு கேக்குறா. மொத நாள் ஸ்கூல்ல பாதி பெஞ்ச் காலி. இந்த மருந்த ஒரு தடவ கலக்கிட்டா நாலு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், இல்லனா கொட்டணும். மணிய பாத்துட்டே உட்கார்ந்திருந்து ரெண்டு பாட்டில் மருந்த கொட்டினேன். பிப்ரவரியோட முடிய வேண்டிய முகாம மார்ச் வரைக்கும் நீட்டிச்சாங்க, எல்லா ஊர்லயும் இதே கதை தான்.

ரெண்டாவது நாள் ஒரு அம்மா ஸ்கூலுக்குள்ள ஓடி வந்து, லைன்ல நின்ன பிள்ளைய கையப் புடிச்சு இழுத்துட்டு போயிட்டா. எனக்கு கோவம், டீச்சர் முன்னாடி அசிங்கமா போச்சேன்னு வேற. சாயங்காலம் அவ வீட்டுக்கு போனேன், திட்டணும்னு தான் போனேன், உண்மைய சொல்றேன். திண்ணையில உட்கார்ந்து புளிக்கு கொட்டை எடுத்துட்டு இருந்தா, என்னை பாத்தும் நிமிரல. நானும் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு புளிய கையில எடுத்தேன், என்ன பேசுறதுன்னு தெரியாம. கொஞ்ச நேரம் கழிச்சு அவளா சொன்னா, "நர்சம்மா, எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு". காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிருக்கா, ராத்திரி ஒரு ஊசி போட்டாங்களாம், விடிய காலையில பிள்ளை இல்ல. என்ன காய்ச்சல், என்ன ஊசி, ஏன் போச்சுன்னு ஒருத்தரும் சொல்லல, ஒரு பேப்பர்ல கைநாட்டு வாங்கிட்டு ஆட்டோ புடிச்சு அனுப்பி விட்டுருக்காங்க. எட்டு வருஷமா அவளுக்கு அந்த கேள்வி நெஞ்சுக்குள்ளயே கிடக்கு. அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தப்போ தான் மொத தடவையா ஒருத்தி அவகிட்ட வந்து "உன் பயம் நியாயமானது, உனக்கு தெரியாம ஏதோ நடக்குது"ன்னு சொன்னா. அவ நம்பாம என்ன செய்வா சொல்லுங்க.

எனக்கு அன்னைக்கு தான் புரிஞ்சுச்சு. இந்த சதிக் கதை எல்லாம் வெறும் இடத்துல முளைக்கிறதே இல்ல, யாரோ பதில் சொல்லாம விட்ட இடத்துல தான் வந்து உட்காருது. பிள்ளை போனதுக்கு காரணம் தெரியலன்னா அந்த தாய் தன்னைத் தானே தான் குத்தம் சொல்லிக்கணும், "நான் கொஞ்சம் முன்னாடியே தூக்கிட்டு போயிருந்தா"ன்னு. யாரோ வேணும்னே செஞ்சாங்கன்னு வந்துட்டா அந்த பாரம் கொஞ்சம் கீழ இறங்குது. அவ எனக்கு பதில் ஒண்ணும் சொல்லல அன்னைக்கு. நான் மூணு நாள் போனேன், ஊசியப் பத்தி பேசவே இல்ல, மூத்த பிள்ளைய பத்தி தான் கேட்டேன், பேரு என்ன, என்ன சாப்பிடும்னு. நாலாவது நாள் சப் சென்டருக்கு சின்னதை அவளே கூட்டிட்டு வந்தா.

என் மக சைக்காலஜி படிச்சவ. இத சொன்னப்போ அவ ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னா, 2008ல அமெரிக்காவுல விட்சன், கேலின்ஸ்கின்னு ரெண்டு பேரு செஞ்சது. கொஞ்ச பேர, என்ன செஞ்சாலும் நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு ஃபீல் பண்ண வெச்சிட்டு, புள்ளி புள்ளியா டிவி சிக்னல் போன மாதிரி இருக்கிற படங்கள காட்டியிருக்காங்க. சில படத்துல நெஜமாவே உருவம் இருக்கு, சிலதுல ஒண்ணுமே கிடையாது. கைய விட்டுப் போச்சுன்னு உணர்ந்தவங்களுக்கு ஒண்ணுமே இல்லாத படத்துலயும் உருவம் தெரிஞ்சிருக்கு, மத்தவங்கள விட அதிகமா. அத கேட்டதும் எனக்கு 2021 தான் ஞாபகம் வந்துச்சு. ஊரடங்கு, வேலை இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் செத்தா முகம் கூட பாக்க முடியல, அந்த வருஷம் யாரு கையில என்ன இருந்துச்சு?

அந்த ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் ஊசி போட்டுகிட்டார், மக்களுக்கு தைரியம் வரணும்னு. மறுநாள் மயங்கி விழுந்தார், 17ஆம் தேதி விடியக்காலம் இறந்துட்டார், 59 வயசு. இதயத்துக்கு போற ரத்தக்குழாய்ல 100 சதவீதம் அடைப்பு, அது ஒரு நாள்ல வர்ற அடைப்பு இல்ல, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டருங்க சொன்னாங்க. சொல்லி என்ன. முந்தின வாரம் எங்க முகாம்ல வெயில்ல துண்ட போட்டு இடம் புடிச்சு நின்னாங்க, அடுத்த வாரம் நானும் ஆஷா அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைன்னு நம்ம பாட்டிங்களே சொல்லி வெச்சது தான், ஆனா அந்த பழம் நமக்கு ரொம்ப வேண்டியவர் மேல விழுந்தா அந்த பழமொழி ஞாபகம் வர மாட்டேங்குது. மரம் நடச் சொல்லி ஊர் ஊரா போன மனுஷன், நம்ம வீட்டு ஆளு மாதிரி, அவரு சாதாரண மாரடைப்புல போனார்னு மனசு ஏத்துக்க மாட்டேங்குது, பெரிய இழப்புக்கு பெரிய காரணம் கேக்குது.

எங்க தெரு பெரியவர் ஒருத்தர், பேரு வேண்டாம், அந்த ஒரே வாரத்துல காலையில என்கிட்ட "ஊசியில வெறும் தண்ணி தான்மா, ஏமாத்துறாங்க"ன்னார், சாயங்காலம் "அந்த ஊசி ரெண்டு வருஷத்துல ஆளையே கொன்னுடும்"ன்னார். தண்ணி எப்படி மாமா கொல்லும்னு கேட்டேன். அவருக்கு அது முரணாவே படல. இங்கிலாந்துல கென்ட் யுனிவர்சிட்டிக்காரங்க 2012ல போட்ட ஆராய்ச்சியிலயும் இது இருக்குன்னு மக சொன்னா. கார் விபத்துல இறந்த இளவரசி டயானாவ கொலை பண்ணிட்டாங்கன்னு நம்புறவங்களே அவங்க சாகல, எங்கயோ ஒளிஞ்சு இருக்காங்கன்னும் நம்ப வாய்ப்பு அதிகமாம். ஏன்னா மேல இருக்கிறவங்க பொய் சொல்றாங்கங்கிறது மட்டும் மனசுல உறுதியா இருக்கு, மத்தது எல்லாம் அது மேல வந்து ஒட்டிக்குது. நான் ஒவ்வொரு கதையா பொய்னு நிரூபிச்சிட்டே போனா ஏன் வேலைக்கு ஆகலன்னு அப்ப தான் தெரிஞ்சுது.

மேல இருக்கிறவங்க பொய்யே சொன்னதில்லைன்னும் நான் சொல்ல மாட்டேன், அது தான் என் நெஞ்ச அறுக்கிற விஷயம். 2009ல ஆந்திராவுல கம்மம் மாவட்டம், குஜராத்ல வதோதரா, பழங்குடி ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு கருப்பைவாய் புற்றுநோய் தடுப்பூசி போட்டு பாத்தாங்க. அப்பா அம்மாகிட்ட கேக்காம எத்தனையோ பிள்ளைங்களுக்கு வார்டன் கையெழுத்து போட்டுருக்காங்க. நடுவுல சில பிள்ளைங்க இறந்துச்சு, அதுக்கு ஊசி காரணமா இருக்க வாய்ப்பில்லைன்னு தான் விசாரணையில வந்துச்சு, ஆனா சம்மதம் வாங்குன விதம் தப்புன்னு 2013ல நாடாளுமன்றக் குழுவே கடுமையா எழுதுச்சு. பாகிஸ்தான்ல அபோட்டாபாத்ல பின்லேடன தேடுறதுக்காக அமெரிக்க உளவுத்துறை ஒரு டாக்டர வெச்சு தடுப்பூசி முகாம் மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுச்சு, 2011ல அது வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் அங்க போலியோ சொட்டு மருந்து குடுக்க போன பொண்ணுங்கள சுட்டுக் கொன்னாங்க. என்னை மாதிரி தோள்ல ஐஸ் பெட்டிய மாட்டிட்டு வீடு வீடா போனவங்க. அந்த செய்தி படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல.

அதனால "வெளிநாட்டுக்காரன் டெஸ்ட் பண்றான்"னு ஒருத்தர் சொன்னா எல்லாமே கற்பனைன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு இடத்துல நடந்த தப்ப எடுத்து இன்னொரு இடத்துல ஒட்ட வெக்கிறாங்க, அந்த ஒட்டு தான் பொய்.

எங்க தாத்தாவ பத்தியும் சொல்லணும். மலேயாவுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிட்டு இருந்தவர், 1943ல நேதாஜி சிங்கப்பூர் வந்தப்புறம் அவரோட இந்திய தேசிய ராணுவத்துல (ஐஎன்ஏ) சேர்ந்தார். எங்க வீட்டுல நேதாஜி படம் இருந்துச்சு, ஜனவரி 23 வந்தா மாலை போடுவார், ஆனா பொட்டு மட்டும் வைக்க விடமாட்டார். எங்க பாட்டி ஒரு தடவ குங்குமத்தோட கிட்ட போனதுக்கு கைய தட்டி விட்டார், செத்தவங்களுக்கு தானே பொட்டுன்னு. 1945 ஆகஸ்ட் 18, தைவான்ல விமானம் விழுந்து நேதாஜி இறந்துட்டார்ங்கிறத தாத்தா தான் சாகுற வரைக்கும் ஏத்துக்கல. விசாரணைன்னு 1956ல ஷா நவாஸ் கமிட்டி, 1970ல கோஸ்லா கமிஷன், 1999ல முகர்ஜி கமிஷன்னு மூணு. மொத ரெண்டும் விமான விபத்துன்னு சொல்லுச்சு, மூணாவது அந்த விபத்துல அவர் சாகலைன்னு சொல்லுச்சு, அத கவர்மெண்ட் ஏத்துக்கல. சர்க்கார் ஃபைல் எல்லாம் 2015, 2016ல தான் வெளிய விட ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட 70 வருஷம் பூட்டி வெச்சுட்டு. பூட்டி வெச்ச ஃபைல பாத்து ஒரு மனுஷன் உள்ள ஏதோ இருக்குன்னு நினைச்சா அது அவர் தப்பா? தாத்தா எழுதப் படிக்க தெரிஞ்சவர், தமிழும் மலாயும் பேசுவார், அவர யாரும் அறிவில்லாதவர்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தலைவர் மேல வெச்ச பாசம், பொட்டு வெச்சிட்டா அது முடிஞ்சுரும்னு பயம்.

அதுக்காக நம்புறவங்கள அப்படியே விட்டுடலாம்னு நான் சொல்லல, அது எங்க போய் முடியும்னு பாத்தாச்சு. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல, போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பம், வழி கேக்க நிறுத்துன இடத்துல பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்துருக்காங்க. பிள்ளை புடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துன வதந்திய நம்பி ஊரே சேர்ந்து அடிச்சு, 65 வயசு அம்மா செத்துப் போனாங்க. அதே வருஷம் ஜூலைல தான் வாட்ஸ்அப்காரங்க இந்தியாவுல வந்த மெசேஜ ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வேர்ட் பண்ண முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. அடிச்ச கையில பெத்தவங்க கையும் இருந்திருக்கும், தன் பிள்ளைய காப்பாத்துறோம்னு நினைச்ச கை. ஊசி லைன்ல இருந்து பிள்ளைய இழுத்துட்டு போன அந்த அம்மா கையும் அதே பயத்துல தான் இழுத்துச்சு, அத நினைச்சா எனக்கு உடம்பு நடுங்குது.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். விவேக் சார் இறந்த செய்தி எல்லா பேப்பர்லயும் மொத பக்கம், ஊசி போட்ட ரெண்டே நாள்லன்னு பெரிய எழுத்துல. தடுப்பூசிக்கு அப்புறம் வர்ற பாதிப்ப ஆராயுற தேசிய கமிட்டி, அவர் சாவுக்கு ஊசி காரணம் இல்ல, மாரடைப்பு தான், ரெண்டும் ஒரே நேரத்துல வந்தது தற்செயல்னு சொன்னது அந்த வருஷம் அக்டோபர்ல வந்துச்சு. நான் வாங்குற பேப்பர்ல அது உள்பக்கத்துல விரலளவு செய்தி. சந்தேகத்த எந்த பக்கத்துல போட்டீங்களோ பதிலையும் அதே பக்கத்துல, அதே அளவுல போடுங்க. ஆறு மாசம் கழிச்சு வந்த பதில்னாலும் போடுங்க.

தண்ணி மாமா இப்பவும் எங்க தெருவுல தான் இருக்கார், ரெண்டு டோஸும் போட்டுகிட்டார், நான் கூடவே போய் பக்கத்துல நின்னதால. போன மாசம் பால் வாங்க போனப்போ பேச்சு வாக்குல அந்த கமிட்டி சொன்னத சொன்னேன். "அப்படியாம்மா? எங்ககிட்ட யாரும் சொல்லலயே"ன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்