மீன் என்று சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொளத்தூரில் இரண்டு நாளாக மழை. பின்கட்டுத் தொட்டியில் மோலி மீன் குட்டி போட்டிருக்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் புது மீன் தொட்டியை வீடியோவில் காட்டினாயே, நீ செடி நட்டிருந்த நேர்த்தியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஆனால் எல்லாவற்றையும் இடது கையாலேயே காட்டினாய். வலது கை ஒருதரம் மேலே வந்தபோது கட்டைவிரல் முட்டியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள், நான் கேட்கவில்லை.

கொசுக்கடி என்பாய். போன மாதமும் அந்தக் கையை மறைத்தாய். கொசுக்கடி இத்தனை நாள் நிற்காது. தொட்டித் தண்ணீரில் காசநோய்க் கிருமிக்குப் பங்காளி ஒன்று உண்டு, மைக்கோபாக்டீரியம் மரினம். சின்னக் கீறல் போதும். இரண்டு மூன்று வாரம், சில சமயம் மாதக்கணக்கு கழித்துக் கட்டியாக எழும்பும். அதற்குள் கீறியதே மறந்திருக்கும். விட்டால் முழங்கை நோக்கி வரிசையாகப் புடைக்கும். ஆளுக்கு ஆள் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கப் பயப்படாதே.

தோல் டாக்டரிடம் போ. மீன் வளர்க்கிறேன் என்று முதலிலேயே சொல். அது 30 டிகிரிச் சூட்டில் வளர்கிற கிருமி. லேபில் வழக்கம்போல 37-இல் மட்டும் வைத்தால் ஒன்றுமில்லை என்று வந்துவிடலாம். மெடிக்கலில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதே. மீன் என்று சொல்.

இவ்வளவு படித்தும் கிளவுஸ் போடாமல் தொட்டியில் கையை விடுகிறாய். யாரைச் சொல்ல? ஆறு வயதில் உன்னை ஸ்டூலில் ஏற்றிப் பாசி தேய்க்க வைத்தவன் நான்தான்.

என் நடுவிரல் மடங்காதது கண்ணாடி வெட்டியதால் என்றுதானே நினைத்திருக்கிறாய். வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பிறகு வந்த கட்டியைப் பார்த்த டாக்டர், என்ன தொழில் என்று கேட்டார். நீ கான்வென்ட் யூனிஃபார்மில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மீன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிசினஸ் என்றேன். எட்டு மாதம் ஏதேதோ களிம்பு. வேறொரு டாக்டர் கண்டுபிடிப்பதற்குள் தசைநார் கெட்டுவிட்டது. அப்புறம் ஐந்து மாதம் மாத்திரை. அம்மாவிடம் சத்து மாத்திரை என்று சொன்னேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

உன் கை ஆறும்வரை தொட்டியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். கிளவுஸ் போடச் சொல். தண்ணீர் இறைக்க ட்யூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன், வலது கையைக் காட்டு.

அப்பா