சன்ஷேடிலிருந்து விழும் காட்சி பற்றி

அன்புள்ள கண்ணு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ எடுக்கப்போகும் படத்துக்காக அனுப்பிய கதையை இரண்டு பேரும் படித்தோம். வீட்டு ஓனர் வாடகை கேட்டு வரும் இடத்தை அம்மா சத்தமாக வாசித்துக் காட்டி, வாசிக்க முடியாமல் சிரித்தாள். எனக்கு மனதில் நிற்பது அதற்கு அடுத்த இடம். கேபிள் வயரைச் சரிசெய்ய அந்தப் பையன் மாடி ஜன்னல் வழியாகச் சன்ஷேடில் இறங்குகிறான், கால் வழுக்குகிறது, கீழே குவித்திருக்கும் மணலில் விழுகிறான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். எழுதினால் முழுசாகப் படிப்பாய் என்று நம்புகிறேன்.

"கயிறு கியிறு எதுவும் வேண்டாம்ப்பா, பஸ்டர் கீட்டன் மாதிரி நிஜமாவே விழணும், அப்பதான் சிரிப்பு வரும்" என்று சொன்னாய். அந்த ஊமைப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர் கீட்டனின் பெயரை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அன்று தொடங்கி, அந்தக் காலத்து ஹாலிவுட் குட்டிப் படங்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். ஒரு ரீல், இரண்டு ரீல் படங்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பதற்காக மட்டும் அல்ல, எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பதற்காக. லேத்தில் நின்று பழகிய கண், எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன சுழல்கிறது என்றுதான் தேடும்.

நீ சொன்னதில் பாதி சரி. நிஜமாக நடக்க வேண்டும், நடப்பது முழுசாகக் கண்ணில் பட வேண்டும். மற்ற பாதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கீட்டன் துணிந்து விழுந்ததால் நாம் சிரிக்கவில்லை கண்ணு. அளந்து விழுந்ததால்தான் சிரிக்கிறோம்.

1920-இல் வந்த 'ஒன் வீக்' படத்தையே எடுத்துக்கொள். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு வீடு பரிசாக வருகிறது. முழு வீடாக இல்லை, பெட்டிகளில் பாகம் பாகமாக. எண் வரிசைப்படி பூட்டினால் வீடு. அந்தப் பெண்ணை விரும்பித் தோற்றுப்போனவன் ஒருவன் வந்து பெட்டியில் எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போகிறான். அதன்பிறகு எழும்புகிற வீடு இருக்கிறதே! ஜன்னல் கோணலாக நிற்கிறது, கதவு மாடியில் அந்தரத்தில் திறக்கிறது. புயல் அடிக்கும்போது வீடே ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக வெளியே வீசி எறியப்படுகிறார்கள். உள்ளே மறுபடியும் போகப் பார்க்கிற கீட்டன் கதவுக்காகக் காத்து நின்று, கதவு வரும் நேரம் பார்த்துப் பாய்கிறார். முழு அளவு வீட்டையே ஒரு சுழல் மேடைமேல் கட்டிச் சுற்றவிட்டார்கள். எத்தனை வேகத்தில் சுற்றினால் ஆள் தூக்கி எறியப்படுவான், எத்தனை வேகத்தில் தாங்குவான் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரோ ஒரு பெயர் தெரியாத ஃபிட்டரின் வேலை அது.

கடைசியில் அந்த வீட்டை வேறு மனைக்கு இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. 'அப்பாடா' என்று நாமும் அவர்களும் மூச்சு விடும் அந்த ஒரு நொடியில், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. அந்த இடத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்று பார். தள்ளி நிற்கிறது. வீடு, ஜோடி, தண்டவாளம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள். முகத்துக்குக் கிட்டே போகவே இல்லை. இதுதான் நீ கீட்டனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அந்த ஆள் விழக் கற்றுக்கொண்டது சினிமாவில் இல்லை. 1895-இல் கேன்சஸில் பிறந்தவர். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் சேர்ந்து 'த்ரீ கீட்டன்ஸ்' என்று ஊர் ஊராக மேடைக் காட்சி நடத்தினார்கள். அப்பா பிள்ளையைத் தூக்கி எறிவார், அதுதான் வேடிக்கை. எறிய வசதியாகப் பிள்ளையின் உடுப்பில் முதுகுப் பக்கம் சூட்கேஸ் கைப்பிடி தைத்திருந்தார்கள். குழந்தையை இப்படிச் செய்யலாமா என்று கேட்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தார்கள் வந்து விசாரித்ததும் உண்டு. ஒரு தகப்பனாக அதைப் படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது, அதை நல்ல வளர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்தபின் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால்தான் சிரிக்கிறது என்பதை அந்தச் சிறுவன் அங்கேதான் கண்டுகொண்டான். 1917-இல் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற சிரிப்பு நடிகர் கூப்பிட்டு 'தி புட்சர் பாய்' படத்தில் நடிக்கும்போது அவருக்குப் பின்னால் பதினைந்து வருஷத்துக்கு மேல் மேடை அனுபவம் இருந்தது. உன் படத்தில் விழப்போகிற உன் நண்பனுக்கு எத்தனை வருஷம் இருக்கிறது? ஜிம்முக்குப் போகிற பையன், நல்ல உடம்பு, எனக்கும் தெரியும். உடம்பு வேறு, விழும் பழக்கம் வேறு.

நீ அடிக்கடி அனுப்புகிற அந்தச் சுவர் விழும் காட்சி இருக்கிறதே, 1928-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனிய'ரில் வருவது. வீட்டின் முன்சுவர் மொத்தமாகச் சாய்கிறது, மாடி ஜன்னல் அவரைச் சுற்றிக் கழன்று இறங்குகிறது, ஆள் அப்படியே நிற்கிறார். அது குட்டிப் படம் இல்லை, முழுநீளப் படம். ஆனால் அதன் வேர் குட்டிப் படங்களில் இருக்கிறது. 1919-இல் ஆர்பக்கிளோடு செய்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் ஒரு மேடைத் தட்டி இதே மாதிரி ஆர்பக்கிள்மேல் விழுகிறது. அடுத்த வருஷம் 'ஒன் வீக்'கில் இன்னொரு சுவர். முதலில் லேசானது, பிறகு கனமானது. ஒரே யோசனையை ஒன்பது வருஷம் கையில் வைத்து உருட்டியிருக்கிறார். அந்தக் கனமான சுவர் விழுந்தபோது தலைக்கும் தோளுக்கும் சுற்றி இருந்த இடைவெளி சில அங்குலம்தான். கால் வைக்கும் இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. நீ அனுப்பிய துண்டில் அந்த ஒன்பது வருஷம் தெரியாது.

அளவு தவறிய இடங்களும் இருக்கின்றன. 1921-இல் 'தி எலக்ட்ரிக் ஹவுஸ்' எடுக்கும்போது நகரும் படிக்கட்டில் கால் மாட்டிக் கணுக்கால் உடைந்தது. படம் நின்றுபோய், அடுத்த வருஷம் புதிதாக எடுத்தார்கள். 1924-இல் 'ஷெர்லாக் ஜூனிய'ரில் ரயில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் விழுந்து கழுத்தெலும்பில் விரிசல் விழுந்தது. அது அவருக்கே தெரியாது, பல வருஷம் கழித்து டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்.

கால் உடைந்த அந்தச் சமயத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஓடவும் குதிக்கவும் அவ்வளவாக முடியாது. ஆகவே 'தி பிளேஹவுஸ்' எடுத்தார். மேடையில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்பதும் கீட்டன்! வாத்தியம் வாசிப்பவர், கூட்டத்தில் இருக்கும் கிழவி, சின்னப் பையன், எல்லாமே அவர்தான். எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர் லென்ஸுக்கு முன்னால் திறந்து மூடும் தடுப்புகள் வைத்து, ஒரு பட்டையை மட்டும் திறந்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பட்டையைத் திறந்து மறுபடி எடுத்தார். கேமராவைக் கையால் சுழற்றிய காலம். ஒன்பது தடவையும் ஒரே வேகத்தில் கை சுழல வேண்டும், ஒரு தடவை பிசகினாலும் மொத்த ஃபிலிமும் வீண். எனக்கு அந்தக் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது. ஒருவர்கூட எங்கிருந்தும் விழாத அந்தப் பகுதியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஹெரால்ட் லாயிடைப் பற்றி நீ இதுவரை பேசியதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக் கட்டட கடிகாரத்தில் தொங்குவாரே, அவர்தான். 1919-இல் விளம்பரப் புகைப்படத்துக்காக ஒரு பொம்மை வெடிகுண்டைக் கையில் பிடித்துச் சிகரெட் பற்றவைப்பதுபோல் நின்றார். அது பொம்மை இல்லை. வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போயின, கொஞ்ச காலம் கண்ணும் தெரியவில்லை. அதன்பின் கையுறைக்குள் பொய்விரல் வைத்துத்தான் நடித்தார். கடிகாரத்தில் தொங்கிய 1923-ஆம் வருஷத்து 'சேஃப்டி லாஸ்ட்' படத்திலும் அந்தக் கைதான். ஆனால் அதை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? நிஜக் கட்டடங்களின் மொட்டை மாடிமேல் பொய்ச்சுவர் கட்டி, கீழே தெரு தெரிகிற கோணத்தில் கேமராவை வைத்தார்கள். சுவருக்கு அடியில் மெத்தை போட்ட மேடை, அது கண்ணில் படாது. தூரத்திலிருந்து ஆள் ஏறுவதாகத் தெரியும் காட்சிகளில் ஏறியது பில் ஸ்ட்ரோதர் என்கிற கட்டடம் ஏறிப் பழகியவர். பார்க்கிற நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது. விரல் போனவருக்கு ஜாக்கிரதையின் விலை தெரிந்திருக்கிறது.

மேக் சென்னட்டின் கீஸ்டோன் படங்களில் இத்தனை நிதானம் இல்லை. 1912-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கம்பெனி. வாரத்துக்கு வாரம் படம், போலீஸ்காரர்கள் கும்பலாக ஓடி விழுவது, கார்கள் சறுக்குவது. ஓரளவுக்கு மேல் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் சாப்ளினின் நாடோடி வேஷம் முதலில் திரைக்கு வந்தது அங்கேதான், 1914 பிப்ரவரியில். நிஜமான குழந்தைகள் வண்டிப் பந்தயம் நடக்கும் இடத்துக்குப் போய், கேமராவை மறைத்து மறைத்து நிற்கும் ஒரு தொந்தரவுக்காரனாக நடித்தார். சுற்றி நிற்கும் ஜனங்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அவர்கள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்குவது படத்திலேயே பதிவாகியிருக்கிறது. உலகம் முதல்முறை அவரைப் பார்த்துச் சிரித்த முகங்கள் அவை.

அவருடைய 1916 படம் 'தி பான்ஷாப்' பார்க்காவிட்டால் இந்த வாரமே பார். அடகுக் கடை. ஒருவர் அலாரம் கடிகாரத்தை அடகு வைக்க வருகிறார். சாப்ளின் டாக்டர் மாதிரி குழாய் வைத்துக் கேட்கிறார், விரலால் தட்டிப் பார்க்கிறார், டப்பா திறக்கும் கத்தியால் கடிகாரத்தைத் திறந்து மோந்து பார்க்கிறார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் துணிக்கடைக்காரர் போல் இழுத்து அளக்கிறார். பாகமெல்லாம் மேஜைமேல் கொட்டிக் கிடந்து நெளிய, அதன்மேல் எண்ணெய் விடுகிறார். எல்லாவற்றையும் வாரி அந்த ஆளின் தொப்பியிலேயே போட்டு, 'இது வேண்டாம்' என்று தலையாட்டித் திருப்பிக் கொடுக்கிறார். எதிரில் நிற்கும் ஆல்பர்ட் ஆஸ்டினின் முகத்தைப் பார், கடைசிவரை ஒரு அசைவு இல்லை. ஒரு கடிகாரம், ஒரு மேஜை, இரண்டு பேர். உன் கதையில் கேபிள் பெட்டியைப் பையன் திறக்கும் இடத்தை ஒரே வரியில் முடித்திருக்கிறாய். சிரிப்பு அங்கே புதைந்து கிடக்கிறது கண்ணு. அந்தப் பெட்டியோடு அவனை இரண்டு நிமிஷம் விட்டுவிடு.

லாரல்–ஹார்டியின் 'பிக் பிசினஸ்' பார்க்கும்போது வேகத்தைக் கவனி. 1929 படம், கலிஃபோர்னியா வெயிலில் கிறிஸ்துமஸ் மரம் விற்க வருகிறார்கள். வேண்டாம் என்கிற வீட்டுக்காரர் மரத்தை வெட்டுகிறார், இவர்கள் கதவுச் சட்டத்தைச் சீவுகிறார்கள், அவர் காரைப் பிய்க்கிறார், இவர்கள் வீட்டை உடைக்கிறார்கள். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை, நின்று பார்த்து முடிந்தபின்தான் தன் முறையைத் தொடங்குகிறார். போலீஸ்காரர்கூட ஓரமாக நின்று குறிப்பெழுதுகிறார். உன் ஓனருக்கும் பையனுக்கும் நடக்கும் சண்டையில் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். முறை வைத்துக் கொடுத்துப் பார்.

இப்போது சன்ஷேடுக்கு வருகிறேன். நிஜச் சன்ஷேடில் அவன் நிற்கவே வேண்டாம். லாயிட் செய்தது போல, அதே அளவில், அதே நிறத்தில் ஒரு பொய்ச் சன்ஷேடு நான் பட்டறையில் செய்து தருகிறேன். ஆங்கிள் இரும்பில் சட்டம், மேலே பிளைவுட், சிமென்ட் பூச்சு. மொட்டை மாடியில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிறுத்துவோம். அந்தப் பக்கம் தெரு தெரிகிற மாதிரி கேமராவை வை. கால் வழுக்குவது, விளிம்பைப் பிடித்துத் தொங்குவது, கை நழுவுவது எல்லாம் வெட்டாமல் ஒரே ஷாட்டில், முழு உடம்பும் தெரிய எடுக்கலாம். கைப்பிடிச் சுவருக்கு மேலே வலை கட்ட வேண்டும். அவன் இடுப்பில் கயிறு இருக்கும், மறுமுனையை நான் பிடித்திருப்பேன். மணலில் விழுகிற ஷாட்டைத் தனியாக, திண்ணை உயரத்திலிருந்து எடு. மணலுக்கு அடியில் வைக்கோலும் பழைய மெத்தையும் போடு. முதலில் அவன் எடைக்குச் சமமான மூட்டையைத் தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளை விடு.

இதில் எதையும் நீ மறுக்கலாம், படம் உன்னுடையது. கயிறும் மெத்தையும் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள்.

சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுக்கொள்கிறேன், சட்டத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி எடுத்து வரலாம். சன்ஷேடின் நீளம், அகலம், கனம் மூன்றையும் டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கண்ணளவு வேண்டாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரமும், பையனின் எடையும் வேண்டும். வீட்டுக்காரரிடம் மாடிக்கு அனுமதி கேட்டுவிட்டாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா