அப்பாவின் நோட்டை எழுதி முடித்தவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். நேற்று இரவு இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவது வேண்டும் என்று கேட்டு அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை தென் கரோலினாவின் டார்லிங்டன் கார் பந்தயத் திடலில் அவருக்கு நடந்ததை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நன்றியையாவது சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பயணமே அப்பாவின் ஆசையால் நேர்ந்தது. அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் டயர் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். வட கரோலினாவின் கேரி நகரில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, என் மகன் அவருக்கு 1950இல் டார்லிங்டனில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தின் கதையைப் படித்துக் காட்டினான். 75 வண்டிகள் ஓடிய அந்தப் பந்தயத்தில், வேகமான வண்டிகள் எல்லாம் டயர் வெடித்து ஒதுங்கிக்கொண்டிருக்க, ஜானி மான்ட்ஸ் என்பவர் தம் பிளிமத் காரில் கெட்டியான டயர்களைப் பூட்டி, நிதானமாக ஓட்டி வென்றாராம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் திடலின் தார்த்தளம் இன்றைக்கும் டயரைத் தின்றுவிடும், அதனால் வண்டிகள் அடிக்கடி பிட்டுக்கு, அதாவது ஓரத்தில் டயர் மாற்ற நிற்கும் இடத்துக்கு, வந்து டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று பேரன் சொன்னதும், போனால் அந்தப் பந்தயத்துக்குத்தான் போவது என்று முடிவாகிவிட்டது. நிலத்தின் சொந்தக்காரர் தம் மீன்குளத்தை மூடச் சம்மதிக்காததால்தான் திடல் ஒரு முனை குறுகி முட்டை வடிவில் அமைந்தது என்பதையும் வழியில் காரில் சொன்னோம். சொந்த ஊரில் குளங்கள் மனைகளாக மாறியதைப் பார்த்தவரான அப்பா, அந்த மனிதருக்குச் சிலை வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

எங்கள் இருக்கைக்கு அடுத்த இருக்கையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தார்கள். அவர் அணிந்திருந்த கறுப்புத் தொப்பியில் சாய்ந்த 3 என்ற எண் இருந்தது. 2001இல் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் உயிரிழந்த பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் எண் அது என்று மகன் என் காதில் சொன்னான். அப்பா தம் வழக்கப்படி நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் வண்டி எண், சுற்று, வினாடி என்று தமிழில் தலைப்பிட்டு மூன்று பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தார். எங்கள் எதிரே பிட்டில் வந்து நிற்கும் வண்டிகளுக்கு நான்கு டயர்களும் மாற்ற எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். இந்தப் பந்தய வண்டிகளில் 2022 முதல் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான், அதற்கு முன் ஐந்து இருந்தன என்று நான் சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. பேருந்துச் சக்கரத்தின் பத்து நட்டுகளைக் கழற்றி மாட்டிய கைகளுக்கு, பத்து வினாடியில் நான்கு சக்கரங்கள் மாறுவது எளிதில் செரிக்கிற விஷயமாக இல்லை.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. காதடைப்பான்களை மீறி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும் அந்த இரைச்சலில் யாரும் யாருடனும் பேச முடியாது. ஆகவே இருவரும் விரல்களால் பேசிக்கொண்டார்கள். அப்பா நோட்டைக் காட்டுவார். பெரியவர் தம் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விரல்களையும் விரிப்பார், பிறகு ஒன்றை மடக்குவார். அப்பா தலையசைத்து எழுதுவார். முதல் கட்டம் 115ஆவது சுற்றில் முடிந்து வண்டிகள் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தபோது இருவரும் எழுந்து நின்று, ஆளுக்கொரு வண்டியைப் பங்கிட்டுக்கொண்டு நேரம் பார்த்தார்கள். அப்பாவை நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அதன்பின் நடந்தது நடந்தது.

மறுநாள் பிற்பகல், மருத்துவமனையில் நான் கீழ்த்தளத்துக்குக் காப்பி வாங்கப் போயிருந்த கால் மணி நேரத்தில், அந்தப் பெரியவர் வந்து போயிருக்கிறார். நாங்கள் அவசரத்தில் விட்டுவந்த கூலர் பை, அப்பாவின் ஒற்றைச் செருப்பு, நோட்டு ஆகிய மூன்றையும் அம்மாவின் கையில் ஒப்படைத்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். எந்த மருத்துவமனை என்பதைத் திடலில் ஆம்புலன்ஸ்காரர்களிடமே கேட்டுவைத்திருக்க வேண்டும். பெயரை அம்மாவுக்குக் கேட்கத் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டை நான் இரவில்தான் திறந்தேன். அப்பாவின் கையெழுத்து பதினேழாவது வரியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே, தடித்த பென்சிலில், சற்றே நடுங்கும் வேறொரு கையெழுத்தில் பதினெட்டாவது வரி தொடங்கியிருந்தது: வண்டி எண், சுற்று, வினாடி. தமிழ் எழுத்து ஒன்றையும் அறியாதவர், எந்தப் பத்தி எதற்கு என்பதை எண்களைக் கொண்டே புரிந்துகொண்டு, ஓரிடத்திலும் பிசகாமல் நிரப்பியிருந்தார். வண்டிகளை மெதுவாக ஓட்டச் சொல்லி மஞ்சள் கொடி காட்டப்பட்ட சுற்றுகளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் மஞ்சள் என்று குறித்திருந்தார். பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தில் அப்பா போட்டதைப் போலவே மூன்று கோடுகள் இழுத்து, தலைப்புகளையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்திருந்தார். 'வினாடி'யின் 'டி'க்கு மேல் உள்ள விலங்கு தலைகீழாக இருந்தது. கடைசி வரியில் பந்தயத்தின் கடைசிச் சுற்றான 367 என்ற எண் மட்டும். அதன் கீழே இரட்டைக் கோடு. தமக்குப் பிடித்த பந்தயத்தின் பாதியை, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கு நடுவில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக, பிட்டையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே அவர் கழித்திருக்கிறார். அப்பா பிழைப்பாரா என்பதே யாருக்கும் தெரியாத நேரம் அது. அப்பா திரும்பி வந்து கேட்பார் என்று நம்பி எழுதினாரா, கை சும்மா இருக்க முடியாமல் எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. நடைபாதை விளக்கின் கீழ் நின்று அந்த வரிகளைப் படித்தபோதுதான், இரண்டு நாள்களாக வராத அழுகை எனக்கு வந்தது.

கூலர் பைக்குள் எலுமிச்சைச் சோறு இருந்த டப்பா கழுவித் துடைக்கப்பட்டு, நிறைய அவித்த வேர்க்கடலையோடு வந்திருந்தது. தென் கரோலினாவில் சாலையோரமெல்லாம் விற்கும் பண்டம்தான் அது. நம் ஊரில் போலவே தோலோடு உப்பு நீரில் அவிப்பார்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று இந்த வெள்ளைக்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். திடலின் மருத்துவக் குழுவினர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், ஃபுளோரன்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள். பந்தய வாரத்தில் ஊரெங்கும் அறையில்லாதபோது தங்கள் வீட்டு அறையையே ஒழித்துக் கொடுத்த விடுதிக்கார குஜராத்தித் தம்பதியர். தொலைபேசி வழியே மருத்துவர் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, இறுதியில் தம் பணி எல்லையைக் கொஞ்சம் மீறி 'பயப்படாதீங்க ஐயா' என்று சேர்த்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர். இரவோடிரவாக ஐ-95 சாலையில் மாற்றுத்துணியும் ரசமும் கொண்டுவந்த நண்பர்கள். மகனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அண்டை வீட்டார். காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டிய தம்பிகள். ஊரில் இருந்தபடியே நேரம் பாராமல் விழித்திருந்த அத்தைமார்கள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. இந்த மடலையும் அவர் படிக்கப் போவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே இருக்கையைப் புதுப்பித்துக்கொள்பவர்கள் அங்கே பலர் என்று கேள்விப்பட்டேன். அடுத்த செப்டம்பரில், தொழிலாளர் தினத்துக்கு முந்தைய ஞாயிறு மாலை, நான் அந்த வரிசையில் போய் நிற்பேன். மருத்துவர் அனுமதித்தால் அப்பாவும் வருவார்.

அவர் வருவதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறார். இன்று காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வரிவரியாகச் சரிபார்த்தவர், முப்பத்திரண்டாவது வரியில் நிறுத்தினார். அங்கே ஆறு வினாடி என்று இருக்கிறது. நான்கு டயருக்கு ஆறு வினாடி ஆகாது, அவன் இரண்டுதான் மாற்றியிருப்பான், இவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்கிறார். நோட்டுக்குள்ளேயே அந்தப் பெரியவர் மறந்து விட்டுப்போன பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.