வாசக்கதவு சங்கதி

கிணத்துக்கடவு,
ஆவணி, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் போனில், "இந்த வயசுல எதுக்குப்பா இந்த வேலை, ரெடிமேட் கதவு ஒண்ணு வாங்கி மாட்ட வேண்டியதுதானே" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி ரசப்பொடிக்குப் போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பையன் தூங்கின பிறகு படி.

தீபாவளிக்கு வந்தபோது வாசக்கதவை நீ தோளைக் கொடுத்து இடித்துத் திறந்தாயே, அது எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நீ பிளேன் ஏறின மறுநாளே, கார்த்திகை மழை தூறிக்கொண்டிருக்கும்போதே, இழைப்புளியை எடுத்துப் பிடித்த இடத்தையெல்லாம் இழைத்துத் தள்ளினேன். கதவு வெண்ணெய் மாதிரி சாத்தியது. எனக்கும் பெருமை. பங்குனி வெயில் வந்ததும் பார்த்தால், கதவுக்கும் நிலைக்கால்களுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. விரல் போனால் பல்லி போகாதா? இரண்டு வந்து ஆசாரத்தில், அதான் முன்கூடத்தில், குடித்தனமே நடத்தின.

34 வருஷம் லேத்தில் நின்றவன் நான். மைக்ரோமீட்டரில் அளந்து பம்பு ஷாஃப்ட் கடைந்தவன். ஒரு மீட்டர் இரும்பு 20 டிகிரி சூடேறினால் கால் மில்லிமீட்டர்தான் நீளும், அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். மரம் அப்படி இல்லை. நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம், அகலவாக்கில் மட்டும் ஈரத்துக்குத் தகுந்தபடி ஊதும், இளைக்கும். 10 அங்குல அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் போய் வருவது சாதாரணம். உன் வீட்டு அலமாரிக் கதவில் குளிர்காலத்தில் இடைவெளி விழுகிறது என்றாயே, அதுவும் இதே கூத்துதான். ஹீட்டர் போட்டதும் அறைக்குள் காற்று காய்ந்துபோகிறது, மரமும் இளைக்கிறது. அந்த ஊர் ஆசாரியைத் திட்டாதே.

சரி, சித்திரையில் கதவைக் கழற்றி, பழைய கட்டுத்தரைக்கு நானும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் தூக்கிப் போனோம். அதுதான் இப்போது என் பட்டறை. மாடு கட்டின முளைக்குச்சி ஒன்று இன்னும் தரையில் இருக்கிறது, நான்தான் தினமும் தடுக்கிக்கொள்கிறேன். கதவைத் தலைகீழாகச் சாய்த்து அடிவிளிம்பை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். மூன்று அங்குலம் உள்ளே போனது, ஊறின ரொட்டியில் போவதுபோல.

காரணம் சொன்னால் உன் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. விடிகாலையில் வாசல் தெளிக்கிறாள், வெள்ளிக்கிழமையானால் வாசப்படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறாள். வாசலும் மேற்கே பார்த்தது. பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது, ஆடிக்காற்று சாரலையும் அள்ளிக்கொண்டு நேராக நம் கதவில்தான் வந்து மோதும். ஆனால் அவள் மேலும் தப்பில்லை, காற்றின் மேலும் தப்பில்லை. 1994-ல் கதவு போட்டதிலிருந்து முகத்துக்கு ஐந்து முறை பெயிண்ட் அடித்திருக்கிறேன், அடிவிளிம்புக்கு ஒரு முறைகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டேன். இரண்டு ஓரத்திலும் நெட்டாக நிற்கிற நெட்டுச் சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் தரையைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர் ஏறுவது அந்த முனை வழியாகத்தான், ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற மாதிரி.

பெயிண்ட்டைச் சுரண்டினதும் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. முழுத் தேக்கு என்று சொல்லி விற்றார்கள் அல்லவா? அடிக் குறுக்குச் சட்டத்தில் பாதி, ஓரத்து வெள்ளை மரம். வைரம் பாய்ந்த உள்மரம்தான் தேக்கின் பேருக்கெல்லாம் சொந்தம், ஓரத்து வெள்ளையைப் பூச்சியும் பூஞ்சையும் சும்மா விடாது. விற்றவன் பேர் எதற்கு, பெயிண்ட் அடிக்காமல் காட்டு என்று நான் கேட்கவில்லையே.

மேலே இருந்த நான்கு பலகைகளும் ஒரு நெட்டுச் சட்டமும் அச்சு அசலாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்யலாம் என்று ரோசனை. மரத்தைப் பழைய சாமான் கடையில் எடுத்தேன், இடித்த வீட்டு விட்டம் ஒன்று. அறுத்த பச்சை மரம் நிழலில் காய அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பார்கள். இது உத்திரத்தில் கிடந்து ஐம்பது, அறுபது வருஷம் காய்ந்தது. ஆனைமலைத் தேக்கு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். டாப்ஸ்லிப்புக்கு உன்னைக் கூட்டிப்போனபோது, மேலேயிருந்து மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம், அதனால்தான் அந்தப் பேர் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பழைய மரத்தில் ஒரு வில்லங்கம், ஆணி. மேலே தலை உடைந்து, உள்ளே அரை அங்குலம் ஒளிந்திருக்கும். முதல் நாளே மெஷின் பிளேனரில் ஒன்று மாட்டி, தீப்பொறி பறந்து, பிளேடில் பல் விழுந்தது. அப்புறம்தான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மரத்தின் மேலே மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஆணி இருக்கிற இடத்தில் அது சட்டென்று ஒரு பக்கமாகச் சாயும். பதினேழு எடுத்தேன். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது, உன் அம்மா அதைப் பார்த்துத் திருஷ்டிப் பொட்டு என்றாள்.

கதவை ஏன் சட்டமும் பலகையுமாகச் செய்கிறார்கள் என்று எனக்கு இந்த வயசில்தான் விளங்கியது. மூன்றரை அடி அகலத்துக்கும் பலகையாகவே சேர்த்து ஒட்டினால் மழைக்கு எட்டு, பத்து மில்லிமீட்டர் ஊதும். சட்டக் கதவில் குறுக்குச் சட்டத்தின் நீளவாக்கு கதவின் அகலத்தில் கிடக்கிறது, அது மாறாது. ஊதுவது இரண்டு பக்கத்து 5 அங்குல நெட்டுச் சட்டங்கள் மட்டும்தான். நடுவில் இருக்கும் பலகை, சட்டத்தில் வெட்டின பள்ளமான காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பசை ஒரு பொட்டுகூடப் படக்கூடாது, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். நான் முதலில் இறுக்கமாகத்தான் அடித்தேன், லேத்துப் புத்தி. நம்ம ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, அதுக்கு மூச்சு விட எடம் வேண்டாமுங்களா" என்றார். பிரித்து மறுபடி காடி வெட்டினேன்.

சட்டம் ஒன்றரை அங்குல கனம், அதில் மூன்றில் ஒரு பங்கு, அரை அங்குலத்துக்கு நாக்கு விட்டு, எதிர்ச் சட்டத்தில் துளை போட்டுக் கோத்தேன். அடிச் சட்டம் 9 அங்குலம் என்பதால் அதற்கு ஒரே அகல நாக்கு கூடாதாம், இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். அதுவும் ஆசாரி சொன்னதுதான். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை ஒட்டுவதற்கு முன்னால் தின்னர் போட்டுத் துடைத்துக்கொண்டேன். கோத்து இறுக்கினதும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்தேன். ஒன்று 2 மில்லிமீட்டர் கூட. கயிறு கட்டி முறுக்கி இழுத்ததும் சரியாயிற்று. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, இரண்டு தடவை டார்ச் எடுத்துப்போய் அளந்தேன்.

எண்ணெய் சங்கதி மட்டும் கேட்டுக்கொள். ஆளி விதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் துணி சுடுகிறது, ஒரு மாதிரி நாற்றம். அந்த எண்ணெய் காயும்போதே சூடு கிளம்பும், சுருட்டி வைத்தால் தானே தீப்பிடித்துக்கொள்ளும். இப்போதெல்லாம் துணியை வேலியில் விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறிகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

அடிவிளிம்புக்கு இந்த முறை நாலு கோட்டு. வெளிப்பக்கம் கீழே தண்ணீர் சொட்டி விழ ஒரு சரிவுப் பட்டையும் வைத்தேன். கதவு கிட்டத்தட்ட 50 கிலோ, அதனால் மூன்று கீலுக்குப் பதில் நான்கு. ஆனியில் மாட்டினோம், ஆடி முழுக்க அடித்த காற்றுக்கும் சாரலுக்கும் ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. ஐப்பசி வரட்டும், அதுவரை நான் பேசமாட்டேன். வாசல் தெளிப்பது வழக்கம்போல நடக்கிறது.

பழைய பூட்டையே திரும்பப் போட்டிருக்கிறேன், லீவரெல்லாம் பிரித்துக் கழுவினேன், நன்றாக இருக்கிறது. என் சாவி போன வருஷம் கிணற்றில் விழுந்ததிலிருந்து நானும் அம்மாவும் ஒரே சாவியில் ஓட்டுகிறோம், தினமும் சண்டை. அவள் சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டலாம்தான். ஆனால் முப்பது வருஷம் புழங்கித் தேய்ந்தது, வெட்டுகிறவன் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவான். மூன்றாவது சாவி உன்னிடம் இருக்கிறது. நீ அதிகம் புழங்கவில்லை, பல்லெல்லாம் கூராகவே இருக்கும். எந்தப் பையில் கிடக்கிறது என்று தேடி வை. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா, அதைப் பார்த்து இரண்டு வெட்டிக்கொண்டு உன்னுடையதைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

ரசப்பொடி பார்சல் அனுப்பியாயிற்று.

உன் அப்பா