தபால்தலைப் போட்டியில் நடுவர்கள் பார்க்க வேண்டிய அளவு

ஆசிரியருக்கு வணக்கம்.

அஞ்சல் கட்டணத்தோடு நன்கொடைத் தொகையும் சேர்த்து விற்கும் பண்டிகைக் காலத் தபால்தலைக்கு மக்களிடமிருந்தே படம் கேட்கும் போட்டியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மிக நல்ல முயற்சி. பிரிட்டன் 1966-இல் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் தபால்தலை வெளியிட்டபோது இப்படித்தான் போட்டி வைத்தார்கள். தேர்வான இரண்டு படங்களையும் வரைந்தவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள். ஒன்றில் ஒரு ராஜா, மற்றதில் ஒரு பனிமனிதன். பெரிதாக ஒரே உருவம் என்பதால் உறையின் மூலையிலும் எடுபட்டன.

இதைப் போட்டி விதிகளே சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘ஏ4 தாளில், எந்த வண்ணத்திலும் வரையலாம்’ என்று மட்டும் அறிவித்தால் அழகான சுவர்ப்படங்கள் வந்து குவியும், தபால்தலை வராது. பெரிய அளவுத் தபால்தலை என்றாலே ஏறத்தாழ 39-க்கு 29 மி.மீ.தான். ஏ4 படம் அதற்குள் ஏழரை மடங்கு சுருங்க வேண்டும். ஒரு மி.மீ. தடிமனில் போட்ட கோடு 0.13 மி.மீ. ஆகிவிடும். விளக்கேற்றும் குடும்பத்தில் பத்து முகங்கள் இருந்தால் பத்தும் புள்ளிகளாகிவிடும். போதாக்குறைக்கு ஏ4-இன் நீள அகல விகிதமும் வேறு. உயரம் முழுவதையும் வைத்துக்கொண்டால் ஏ4 தாளின் நீளத்தில் 15 மி.மீ. அளவுக்கு வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் குழந்தைக்குக் கை போய்விடும்.

ஆகவே தபால்தலையின் நான்கு மடங்கு அளவில், 156-க்கு 116 மி.மீ., கட்டம் போட்ட மாதிரித் தாளைப் போட்டியாளர்களுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. நாட்டின் பெயர், மதிப்பு, அதோடு ‘+’ போட்டு அச்சிடும் நன்கொடைத் தொகை ஆகியவற்றுக்கான இடத்தை அதிலேயே குறித்துவிடலாம். எழுத்துகளைப் போட்டியாளர் எழுத வேண்டாம். அது அச்சுக்கூடத்து வடிவமைப்பாளரின் வேலை. நான்கு பக்கமும் உள்ளே 12 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு இருக்கட்டும். முகம், கை, சுடர் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. அச்சான பிறகுதான் ஓரத் துளைகள் போடுகிறார்கள். ஈரப்பதத்தால் தாள் சற்று விரிந்தாலே துளை வரிசை விலகும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போட்ட படத்தில் அரை மி.மீ. விலகல்கூடக் கண்ணை உறுத்தும்.

பண்டிகைப் படம் என்றால் தங்க நட்சத்திரம் இல்லாமல் இருக்காது. தங்கப் பூச்சை ஸ்கேன் செய்து நாலு வண்ண மைகளை மட்டும் வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் அடித்தால் அது மங்கிய பழுப்பாகத்தான் வரும். நிஜத் தங்க நிறத்துக்கு ஐந்தாவதாகத் தனி மையோ ஃபாயில் எனும் மினுங்கும் மெல்லிய தகடோ வேண்டும். அதற்கான செலவு நன்கொடையில்தான் கைவைக்கும். மஞ்சளே போதும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். கம்ப்யூட்டர் திரையில் ஜொலிக்கும் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். படம் முழுக்க இருண்ட இரவு வானமாக இருந்தால் தபால் முத்திரையின் கறுப்பு மை அதன்மேல் தெரியாது. பயன்படுத்திய தபால்தலையை மறுபடி ஒட்ட வழி பிறக்கும்.

வெளியிடப்போவது தபால்தலையா, நன்கொடைக்காக விற்று உறையில் அழகுக்கு ஒட்டும் வெறும் ஒட்டுவில்லையா என்பதையும் அறிவிப்பிலேயே தெளிவாக்க வேண்டும். 1904-இல் டென்மார்க்கில் அஞ்சல் ஊழியர் ஐனார் ஹோல்பெல் தொடங்கிவைத்ததும், 1907-இல் அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸல் காசநோய் மருத்துவமனைக்காக ஒரு சென்ட்டுக்கு விற்றதும் வில்லைகள். அவற்றுக்கு அஞ்சல் மதிப்பு கிடையாது. அப்படிப்பட்ட வில்லையில் விலை எண்ணைப் பெரிதாகப் போட்டால், மக்கள் அதை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கடிதத்தைப் பெறுபவர்தான் அபராதம் கட்ட வேண்டிவரும்.

தேர்வு முறைதான் மிக முக்கியம். கண்காட்சிப் பலகையில் பெரிதாக மாட்டியோ திரையில் பெரிதாக்கியோ வாக்குக் கேட்டால், நுணுக்கம் நிறைந்த படமே ஜெயிக்கும். தபால்தலையில் முதலில் காணாமல் போவதும் அந்த நுணுக்கம்தான். முதல் சுற்றில் தேறிய படங்களை நிஜ அளவில் அச்சடித்து, உறையில் ஒட்டி, முத்திரையும் குத்தி, கை நீட்டும் தூரத்தில் வைத்து நடுவர்கள் பார்க்கட்டும். பொதுமக்கள் வாக்கு வேண்டுமென்றால் அந்த உறையின் படத்தையே காட்டலாம்.

வெற்றியாளரை அறிவிக்கும் முன், படம் எதைப் பார்த்து வரையப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். அமெரிக்க அஞ்சல் துறை சுதந்திர தேவி சிலை என்று நம்பி வெளியிட்ட படம், லாஸ் வேகாஸில் இருக்கும் நகல் சிலையுடையது. அதைச் செய்த சிற்பிக்கு 35 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும்படி 2018-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நன்கொடை திரட்டும் அமைப்பு எதுவும் இதைத் தாங்காது. போட்டியாளர் சிறுவராக இருந்தால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். மூல ஓவியம் யாருக்குச் சொந்தம், வாழ்த்து அட்டையிலும் அச்சிடலாமா என்பவற்றை அந்தத் தாளிலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் வாசகர் ஒருவர்